கோகோபீட்டை எதற்கு வேகவைக்க வேண்டும்?

உருளைக்கிழங்கு ஒன்றை எடுத்துத் தோல் சீவி, அரை சென்டிமீட்டர் கனத்தில் ஒரு வில்லை நறுக்குங்கள். அதை நாற்றுத் தட்டில் இருக்கும் ஈரமான கோகோபீட்டின் (தென்னை நார்த்தூள்) மேல் லேசாக அழுத்தி வைத்துவிட்டு மூன்று நாள் விட்டுவிடுங்கள். அப்புறம் திருப்பிப் பாருங்கள். வில்லையின் அடியில் வெள்ளை நூல்துண்டு போல, உள்ளே ஓடுவதெல்லாம் வெளியே தெரிகிற மெல்லிய உடலும் பளபளக்கும் கறுப்புத் தலையுமாகப் புழுக்கள் நெளிந்தால், உங்கள் நாற்றுகள் ஏன் வாடுகின்றன என்பதற்கு விடை கிடைத்துவிட்டது. ஒன்றும் இல்லையென்றால் நல்லது. ஆனாலும் மேலே படியுங்கள், என்றைக்காவது தேவைப்படும்.

எனக்கு முதல் முறை ஒரே வில்லையில் பதினொரு புழு. எங்கள் வீடு தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பக்கம். நான் பொள்ளாச்சிக்காரன். தேங்காய் மட்டையிலிருந்து நார் எடுத்தபின் மிஞ்சும் தூள், சாலையோரம் மலைமலையாகக் குவிந்து கிடப்பதைப் பார்த்து வளர்ந்தவன். அதே தூளைச் செங்கல் மாதிரி அழுத்தி, பிளாஸ்டிக் சுற்றி, கப்பலேற்றி இங்கே கொண்டுவந்தால் ராண்ட் கொடுத்து வாங்குகிறேன். இன்றைக்கும் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. தென்னாப்பிரிக்க நாற்றுப் பண்ணைகளில் அதிகம் புழங்குவது மக்க வைத்த பைன் மரப்பட்டைதான். கோகோபீட் இங்கே வெளியூர் விருந்தாளி, இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோதான் பெரும்பாலும் வருகிறது.

போன வருஷம் பயன்படுத்திய கோகோபீட்டையே உதிர்த்து, அதில் நாற்பது மிளகாய் விதை போட்டேன். முளைத்து, இரண்டு இலை விட்டு, மூன்றாம் வாரம் ஒவ்வொன்றாகச் சாய ஆரம்பித்தது. தட்டைத் தொட்டால் கறுப்பாகக் குட்டிக் குட்டி ஈக்கள் எழும்பின. எதிர்வீட்டு ஆயா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு, "தண்ணி ரொம்ப ஊத்திட்டியா தம்பி?" என்றார். ஊற்றியிருந்தேன். ஆனால் அது பாதிக் கதைதான்.

அந்த ஈக்கு ஆங்கிலத்தில் ஃபங்கஸ் நேட் என்று பெயர். காளான் வளர்ப்பவர்கள் காளான் ஈ என்பார்கள், அவர்களுக்கு இது பரம எதிரி. கொசுவைவிடச் சிறியது, இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். கடிக்காது. பறப்பதும் சோம்பேறித்தனமாக, தட்டைச் சுற்றியே இருக்கும். வளர்ந்த ஈயால் செடிக்கு நேரடிக் கேடு ஒன்றும் இல்லை. அது வாழ்வதே ஏறக்குறைய ஒரு வாரம். ஆனால் அந்த ஒரு வாரத்தில் ஈரமான மேல்பரப்பில் நூற்றுக்கும் மேல் முட்டையிட்டுவிடும். நான்கைந்து நாளில் முட்டை பொரிந்து புழு வரும். புழுவின் முதல் தீனி பூஞ்சை, பாசி, மக்கும் பொருள். அது போதாதபோது, அல்லது வேர் மிக இளசாக இருக்கும்போது, வேர்த் தூவிகளையும் தண்டின் அடியையும் கடிக்கும். இரண்டு வாரம் தின்றபின் கூட்டுப்புழுவாகி, சில நாளில் ஈயாக வெளியே வரும். ஆக, முட்டையிலிருந்து ஈ வரை மூன்று நான்கு வாரம். கடித்த இடம் வழியாக நாற்றழுகல் பூஞ்சையும் உள்ளே போகும். வளர்ந்த தக்காளிச் செடி இதைக் கண்டுகொள்ளாது. இரண்டு இலை நாற்றுக்கோ இது உயிர்ப் பிரச்சினை.

வேரைத் தாக்குபவை இன்னும் சில உண்டு. வேர் மாவுப்பூச்சி, வேர்களின் நடுவே பஞ்சு ஒட்டியதுபோல வெள்ளையாக இருக்கும். தொட்டியைக் கவிழ்த்தால்தான் தெரியும். வேர் அசுவினியும் அப்படியே ஒளிந்துதான் இருக்கும். கண்ணுக்கே தெரியாதது நூற்புழு. அதன் கைவேலை மட்டும் தெரியும்: தக்காளி, கத்தரி, வெண்டை வேர்களில் முடிச்சு முடிச்சாக வீக்கம். ஸ்பிரிங்டெய்ல் என்று ஒன்று தண்ணீர் ஊற்றினால் துள்ளிக் குதிக்கும். அது சாது, விட்டுவிடுங்கள்.

சரி, இவை எங்கிருந்து வந்தன? முதலில் எல்லோரும் கடையில் வாங்கிய கோகோபீட் கட்டியைத்தான் குறை சொல்வார்கள். அது பெரும்பாலும் அநியாயம். நன்றாகக் காய்ந்து அழுத்தப்பட்ட கட்டிக்குள் காளான் ஈப் புழு உயிர்வாழ முடியாது, அதற்கு ஈரம் வேண்டும். நார்த்தூளைக் களத்தில் காயப்போடும்போது களை விதை காற்றில் வந்து விழலாம், பூஞ்சை வித்துகள் ஒட்டலாம், அவ்வளவுதான். பூச்சி பெரும்பாலும் நம் வீட்டில்தான் குடியேறுகிறது. பிரித்து நனைத்துவிட்டு மூடாமல் வைத்த மூட்டை, பழைய செடியின் வேரோடு திரும்பப் பயன்படுத்திய தூள், கடையிலிருந்து வாங்கிவந்த நாற்றின் வேர்க்கட்டி, இந்த மூன்றும்தான் வாசல்கள். ஆகவே புதுக் கட்டியில் கறிவேப்பிலைக் கன்றோ வாழையோ வைப்பவர்கள் இந்தக் கட்டுரையை மூடிவிட்டுப் போகலாம். பழைய தூளைத் திரும்பப் பயன்படுத்துபவர்களும், விதை முளைக்கப் போடுபவர்களும்தான் வேகவைக்க வேண்டும்.

இதை எல்லோரும் 'ஸ்டெரிலைஸ்' பண்ணுவது என்கிறார்கள். நாம் செய்வது உண்மையில் அது இல்லை. ஸ்டெரிலைஸ் என்றால் உயிருள்ளது ஒன்றுமே மிஞ்சக் கூடாது. ஆஸ்பத்திரியில் அறுவைக் கருவிகளை அழுத்த ஆவியில் 121 டிகிரியில் கால் மணி நேரம் வைக்கிறார்களே, அது ஸ்டெரிலைஸ். பாலை 63 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்கி, கெடுதல் செய்யும் கிருமிகளை மட்டும் கொல்வது பாஸ்டரைஸ். கோகோபீட்டுக்கு வேண்டியது இந்தப் பால் கணக்குதான். அதைவிடக் கொஞ்சம் கூடுதல் சூடு, அதே அரை மணி.

ஏன் அந்த அளவு என்றால், ஒவ்வோர் உயிருக்கும் தாங்கும் எல்லை ஒன்று இருக்கிறது. ஈரமான சூட்டில் அரை மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், நூற்புழுவுக்கு 50 டிகிரியே போதும். பூச்சிகளும், செடிக்கு நோய் தரும் பெரும்பாலான பூஞ்சைகளும் பாக்டீரியாவும் 60 முதல் 70 டிகிரிக்குள் அடங்கிவிடும். களை விதைகள் சில இன்னும் பத்து டிகிரி தாங்கும். வீட்டில் தொட்டிக் கலவையை வேகவைப்பவர்களுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் 82 டிகிரி, அரை மணி என்ற அளவு இவை எல்லாவற்றையும் சேர்த்துப் பாதுகாப்பாக வைத்த கணக்கு. அதற்கு மேல் போவதால் லாபம் இல்லை. சூட்டைத் தாங்கும் நல்ல பாக்டீரியாக்கள் கொஞ்சம் மிஞ்சினால் அது நமக்குத்தான் நல்லது, ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். 'ஈரமான சூடு' என்பதையும் கவனியுங்கள். காய்ந்த தூளில் உறங்கும் வித்துகளும் விதைகளும் சூட்டை நன்றாகத் தாங்கும். அதனால் முதல் நாளே தூளை ஈரப்படுத்தி வைப்பது வழக்கம். கையில் பிடித்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு விழும் பதம்.

எல்லோரும் முதலில் செய்வது வெந்நீர் ஊற்றுவது. இதில்தான் ஏமாந்துபோவோம், நானும் ஏமாந்தேன். பழைய சோற்றில் ஒரு கரண்டி கொதிக்கும் சாம்பார் ஊற்றினால் சோறு சூடாகிவிடுமா? வெதுவெதுப்பாகும், அவ்வளவுதான். ஏற்கெனவே ஈரமாக இருக்கும் 5 கிலோ பழைய கோகோபீட்டில் 2 லிட்டர் கொதிநீர் ஊற்றினால் மொத்தமும் 45 டிகிரி பக்கத்தில் நின்றுவிடும், ஏனென்றால் அந்த 5 கிலோவில் பெரும்பகுதி குளிர்ந்த தண்ணீர். நூற்புழுவுக்கே பத்தாது. ஆவி பறப்பதைப் பார்த்து நாம்தான் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம்.

ஆனால் காய்ந்த புதுக் கட்டிக்கு இதே வெந்நீர் அருமையான வழி. 650 கிராம் கட்டி ஒன்று ஏறக்குறைய 4 லிட்டர் தண்ணீர் குடிக்கும். அத்தனையும் கொதிநீராக இருந்தால், குளிர்ந்த எடை அரை கிலோ சொச்சம்தானே, கலவை 80 டிகிரிக்கு மேலேயே நிற்கும். கட்டியை முதலில் சுத்தியலால் நான்கைந்தாக உடைத்துக்கொள்ளுங்கள். உடைக்காவிட்டால் நடுப்பகுதி காய்ந்தே கிடக்கும், சூடும் போகாது. கொதிநீரை ஊற்றிக் கட்டையால் கிளறி, மூடி, பழைய போர்வையால் வாளியைச் சுற்றி ஒரு மணி நேரம் விடுங்கள். கனமான வாளியாக இருக்கட்டும், மெல்லிய பிளாஸ்டிக் இளகிவிடும். குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

பழைய தூளுக்கு ஆவிதான். புட்டு அவிக்கத் தெரிந்தவருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. புட்டு மாவைப் பிசிறும்போது எப்படிப் பிடித்தால் பிடியும் உதிர்த்தால் உதிருமோ, அதே ஈரப்பதம். குழலில் ஏன் மாவை அமுக்கி அடைக்க மாட்டோம்? ஆவிக்கு வழி வேண்டும். இங்கேயும் அப்படியே, தூளைத் தளர்வாகப் போட வேண்டும். குழலின் மேல் துளையில் ஆவி வந்தபின்தானே நேரம் எண்ணுவோம்? இதிலும் அடுப்பைப் பற்றவைத்த நேரத்திலிருந்து எண்ணக் கூடாது, மேலே ஆவி வந்தபின் தீயைக் குறைத்து அரை மணி. ஆவிக்கு இப்படி ஒரு பலம் இருக்கக் காரணம், அது குளிர்ந்த துகளில் பட்டுத் தண்ணீராக மாறும்போது தன்னிடம் இருக்கும் பெருஞ்சூட்டை அங்கேயே இறக்கிவிட்டுப் போகிறது. பிறகு அடுத்த துகளுக்கு நகர்கிறது. அதனால் கீழ் அடுக்கு வெந்து முடிந்துதான் மேல் அடுக்குக்குச் சூடு வரும். மேலே ஆவி வந்துவிட்டால் கீழே எல்லாம் தயார் என்று நம்பலாம்.

என்னிடம் இருப்பது ஒரு பழைய அலுமினியப் பானை. அடியில் மூன்று விரல் தண்ணீர், அதற்குள் இரண்டு செங்கல் துண்டு, செங்கல்லின் மேல் ஓட்டைத் தட்டு, தட்டின் மேல் கோணித் துணி, துணியின் மேல் தூள். தண்ணீர் தூளைத் தொடக் கூடாது. மூடியைக் கொஞ்சம் சாய்த்து வைக்கிறேன், இறுக மூடி அழுத்தம் ஏற்றுகிற வேலை வேண்டாம். பிராய் (இங்கே தணலில் இறைச்சி சுடுவதற்கு அப்படிப் பெயர்) போடுவதற்கு வாங்கிய இறைச்சித் தெர்மாமீட்டர் ஒன்று வீட்டில் சும்மா கிடந்தது. அதன் கம்பியை நடுவில் குத்தி வைத்தால் சந்தேகமே இல்லை. 80ஐத் தொட்டதும் தீயைக் குறைத்து, அரை மணி. வெளியே, கொல்லைப்புறத்தில் வைத்துச் செய்யுங்கள். ஈர மட்டை வெந்த வாசனை சமையலறையில் இரண்டு நாள் தங்கும். இந்தப் பானையைச் சமையலுக்குத் திருப்பி எடுக்காதீர்கள். கோவிலில் ஆடிக் கூழ் காய்ச்சும் பெரிய அண்டாவைப் பார்த்து எனக்கே ஒரு கணம் ஆசை வந்தது. கேட்டிருந்தால் அடி விழுந்திருக்கும்.

மைக்ரோவேவ் சிறிய அளவுக்கு நல்லது. ஈரத் தூளை மூடாத, அல்லது தளர்வாக மூடிய கண்ணாடிப் பாத்திரத்தில் வைத்து, நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்திச் சூட்டைப் பாருங்கள். காய்ந்த தூளை வைத்தால் தீப்பிடிக்கும். 2023இல், மின்வெட்டு உச்சத்தில் இருந்த மாதங்களில், பாதி வெந்த தூளோடு இருட்டில் நின்ற அனுபவம் எனக்கு உண்டு. அதற்குப் பிறகு கேஸ் அடுப்புதான். கேக் சுடும் அவன் (oven) அடுப்பும் பயன்படும், ஆனால் வீட்டார் சம்மதம் தேவை.

வெயிலில் போட்டால் போதாதா என்று ஊரிலிருந்து அண்ணன் கேட்டார். பொள்ளாச்சி ஏப்ரல் வெயிலுக்குச் சரி. ஈரத் தூளை மெல்லிய அடுக்காகப் பரப்பி, நிறமில்லாத பாலிதீனால் காற்றுப் புகாமல் மூடினால், உள்ளே நன்றாகவே சூடேறும். நான்கு முதல் ஆறு வாரம் வைப்பார்கள். கறுப்பு பாலிதீன் வேண்டாம், அது தானே சூடாகிறது, உள்ளே விடுவது குறைவு. டர்பனில் சிக்கல் வேறு. இங்கே வெப்பக் காலமும் மழைக் காலமும் ஒன்றே. அக்டோபரிலிருந்து மார்ச் வரை மேகமும் மழையும், அதற்கு நடுவில்தான் வெயில். வானம் தெளிவாக இருக்கும் ஜூன், ஜூலையிலோ வெயிலுக்குச் சூடு இல்லை. அதனால் கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் வெயிலை மட்டும் நம்ப வேண்டாம் என்பது என் கருத்து.

'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பதும் இங்கே தலைகீழ். ஆடி என்றால் நடுக் குளிர்காலம். வசந்தம் தொடங்குவது புரட்டாசியில், இங்குள்ள தமிழர் வீடுகளில் விரதம் நடக்கும் மாதத்தில். அதனால் தூளை அவித்துத் தயார் செய்வதற்கு ஆடி, ஆவணிதான் தோது. மழையும் குறைவு, வேலையும் குறைவு, விதைப்பதற்கு ஒரு மாதம் கையில் இருக்கும். ஜொஹன்னஸ்பர்க்கில் இருக்கும் உறவினர் ஒருவர், "எங்களுக்கு உறைபனி விழுகிறது, பூச்சி தானாகச் செத்துவிடும்" என்கிறார். வெளியே உள்ளது சாகலாம். அவருடைய தட்டுகள் சமையலறை ஜன்னலில் அல்லவா இருக்கின்றன!

மருந்துக் கடை ஹைட்ரஜன் பெராக்சைடைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். 3 சதவீதக் கரைசல் ஒரு பங்குக்கு நான்கு பங்கு தண்ணீர் கலந்து ஊற்றினால், நுரைத்து, நேராகப் படும் புழுக்கள் பல சாகும். பிறகு அது தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்துவிடும், நஞ்சு தங்காது. ஆனால் அந்த நுரையில் பாதி கோகோபீட்டோடு சண்டை போட்டே தீர்ந்துபோகிறது. ஒரு வாரம் கழித்துப் புதுப் புழு வரும். செடி ஏற்கெனவே தட்டில் இருக்கும்போது, வேகவைக்க முடியாத நிலையில், ஒரு முதலுதவி. ஜிக் போன்ற ப்ளீச்சைத் தூளில் ஊற்றவே வேண்டாம். அது தட்டுகளையும் தொட்டிகளையும் கழுவ மட்டும்: ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர், பத்து நிமிடம் ஊறவைத்து, நன்றாக அலசுங்கள். வினிகரோடு கலக்காதீர்கள், குளோரின் வாயு வரும்.

புதியவர்கள் குழப்பிக்கொள்ளும் இன்னொன்று உப்பு. கோகோபீட்டில் இயல்பாகவே சோடியமும் பொட்டாசியமும் அதிகம். வேகவைத்தால் அது போகாது. நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசினால்தான் போகும். துகளோடு ஒட்டிக்கொண்டிருப்பதைக் கழற்ற கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைப்பார்கள். கால்சியம் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை வெளியே தள்ளும். 'வாஷ்டு', 'பஃபர்டு' என்று கட்டியின் உறையில் போட்டிருந்தால் இந்த வேலைகளை அவர்களே செய்துவிட்டார்கள் என்று பொருள். நீங்களே அலசுவதானால் அலசிவிட்டு அவியுங்கள். அவித்தபின் தொட்டித் தண்ணீரில் அலசினால் பூச்சியைத் திரும்பக் கூப்பிட்டது மாதிரி. மண்புழு உரம், வேப்பம் புண்ணாக்கு எல்லாம் ஆறியபின் கலக்க வேண்டியவை. உரத்தோடு சேர்த்து அவித்தால் உள்ளிருக்கும் நல்ல உயிர்கள் சாகும், அம்மோனியா கிளம்பி நாற்று கருகவும் கூடும்.

இனி, நான் பாதியில் விட்ட விஷயம். வெந்த தூள் பூட்டாத காலி வீடு. எதிரியும் இல்லை, போட்டியும் இல்லை. முதலில் எது வந்து விழுகிறதோ அது வேகமாகப் பெருகும். நாற்றழுகல் பூஞ்சை முதலில் வந்தால், அவிக்காத தூளில் செய்வதைவிட அதிகச் சேதம் செய்யும். அதனால்தான் 82ஐத் தாண்டி அழிக்க வேண்டாம் என்றேன், மிஞ்சும் நல்ல பாக்டீரியாக்கள் வீட்டுக்குக் காவல். ஆறியதும் கொஞ்சம் டிரைக்கோடெர்மா என்ற நல்ல பூஞ்சையைக் கலப்பது அதே காரணத்துக்காகத்தான், நல்ல குடித்தனக்காரரை முதலில் உட்கார வைக்கிறோம். உடனே பயன்படுத்தாத தூளை மூடி போட்ட சுத்தமான டப்பாவில் வையுங்கள். கை, கரண்டி, தட்டு எல்லாம் சுத்தமாக இருக்கட்டும். பழைய தட்டின் ஓரத்தில் ஒட்டிய ஒரு விரல் தூளே போதும், எல்லாம் முதலிலிருந்து தொடங்க.

ஆயா சொன்ன தண்ணீர் விஷயம் இங்கேதான் வருகிறது. எவ்வளவு அவித்தாலும், மேல்பரப்பு எந்நேரமும் ஈரமாக இருந்தால் பக்கத்துத் தொட்டி ஈ வந்து முட்டையிடும். தட்டை ஒரு தாம்பாளத்தில் வைத்து, அடியிலிருந்து தண்ணீர் ஊறவிடுங்கள். அரை மணி கழித்து மிச்சத்தைக் கொட்டுங்கள். மேலே ஒரு சென்டிமீட்டர் காய்ந்து நிறம் வெளுத்தபின் அடுத்த தண்ணீர். கோகோபீட் மேலே காய்ந்தாலும் உள்ளே ஈரம் பிடித்துவைக்கும், பயப்பட வேண்டாம். மஞ்சள் ஒட்டுப் பொறி ஒன்று குச்சியில் குத்தி வைத்தால், ஈ வந்திருக்கிறதா என்று அது சொல்லும். ஈயைப் பிடிப்பதைவிட எச்சரிக்கை மணியாகத்தான் அது உதவும். மணி அடித்தால் பிடிஐ என்ற பாக்டீரியா மருந்து இருக்கிறது, தண்ணீரில் கலந்து ஊற்றினால் புழு அதைத் தின்று சாகும். முட்டைகள் தொடர்ந்து பொரிந்துகொண்டே இருக்கும் என்பதால் ஒருமுறை ஊற்றினால் போதாது, வாராவாரம் மூன்று நான்கு முறை.

இந்தப் புரட்டாசிக்கு அவித்த தூளில் மிளகாயும் கத்தரியும் போட்டேன். பத்தாம் நாள் உருளைக்கிழங்கு வில்லை வைத்துப் பார்த்தேன், அடியில் வெறும் மாவுக்கறை. அவிக்கச் சோம்பல்பட்ட மீதிப் பழைய தூள் ஒரு மூட்டை இருந்தது. ஆயா அதைத் தன் மடும்பிப் பாத்திக்குக் கேட்டார். ஊரில் நாம் சேப்பங்கிழங்கு என்போமே, அதுதான். காளான் ஈப் புழு இருக்கிறதே என்றேன். "வெளியில எறும்பு இருக்கு, சிலந்தி இருக்கு. அதுங்க பாத்துக்கும்" என்று மூட்டையை இழுத்துக்கொண்டு போனார். வேரில் முடிச்சு இருந்த தக்காளித் தொட்டியின் தூளை மட்டும் கொடுக்கவில்லை. நூற்புழு பாத்தியில் ஏறிவிட்டால் இறங்காது. அதைக் கறுப்புப் பையில் கட்டிக் குப்பை வண்டிக்குப் போட்டுவிட்டேன்.